உதவிப்பணம் பெறுவோர் உழைக்கலாமா?

"உதவிப்பணம் எடுக்கிற ஆள் கைக்காசுக்கு ஒரு சின்ன வேலை செய்தால் அது குற்றமா?"

கண்டி நகரிலும் அதைச் சூழவுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் நாம் நடத்தும் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எம்மிடம் வருகின்றது. கேட்பவர்கள் சபையில் எழுந்து நின்று கேட்பதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் தமக்காகக் கேட்பதாகவும் சொல்வதில்லை. "எங்கள் லயத்தில் ஒருவர் இருக்கிறார்" என்றோ, "எனது மச்சான் ஒருவருக்கு" என்றோதான் பேச்சு தொடங்கும்.

இப்படிப் பயந்து கேட்கவேண்டிய கேள்வியா இது? இல்லை என்பதே எமது எண்ணம். ஆனால் இதற்கு ஒற்றைச் சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லவும் முடியாது. எந்தக் காசு, எதற்காகத் தரப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். அதைக் கொஞ்சம் விளக்கமாக இங்கே பார்ப்போம்.

சும்மா இருந்து பழகாதவர்கள்

எமது வாசகர்களில் பலர் ஏதோ ஒரு காலத்தில் மண்ணை இழந்தவர்கள். மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் 1985 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டன. அந்த வெளிச்சத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் பல வயல்வெளிகளும் நீருக்கடியில் போயின. அங்கிருந்தவர்களில் ஒரு பகுதியினர் மகியங்கனை, கிராந்துருக்கோட்டை பக்கம் சென்று, இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் பெற்றுக் குடியேறினார்கள். இன்னொரு பகுதியினர் மலைநாட்டிலேயே தங்கிவிட்டார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின் பின் மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்களும் எம்மிடையே உண்டு. போர் அவர்களை மீண்டும் துரத்தியது. 2009 இல் போர் முடிந்த பின்னரும், கண்டிப் பக்கத்து உறவினர் வீடுகளில் ஒதுங்கியவர்கள் சிலர் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். மண்சரிவினால் வீடும் தோட்டமும் போனவர்களோ ஆண்டுக்காண்டு கூடி வருகிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. விடிந்தால் மண்வெட்டியோடு எழும்பிப் பழகியவர்கள். நோய் வந்து டொக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாலும் முற்றத்தில் நாலு கத்தரிக் கன்றாவது நடாமல் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் "நீங்கள் உதவிப்பணம் எடுக்கிறீர்கள், ஆகவே ஒரு வேலையும் செய்யக்கூடாது" என்று சொன்னால், அது அவருடைய வயிற்றை மட்டுமல்ல, மனதையும் வாட்டும்.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. உதவிப்பணம் போதாது. மாதத்தில் 10 நாள், 12 நாள் அரைப்பேர் வேலை செய்தால்தான் பிள்ளையின் பாடசாலைச் செலவும் கிளினிக் போகும் பஸ் காசும் கிடைக்கும். எனவே மக்கள் வேலை செய்யத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒளித்துச் செய்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

பிச்சைச் சம்பளம் முதல் அஸ்வெசும வரை

வறியோருக்கு அரசு காசு கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் புதியதல்ல. 1939 இல் வறியோர் கட்டளைச் சட்டம் வந்தது. கொழும்பு, காலி நகரங்களோடு கண்டி மாநகரமும் அதன் கீழ் வந்தது. தன் எல்லைக்குள் இருக்கும் ஆதரவற்றவர்களுக்கு உதவும் பொறுப்பு மாநகர சபையின் தலையில் வைக்கப்பட்டது. 1948 இல் சமூக சேவைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. வயோதிபர், விதவைகள், நோயாளர், வலது குறைந்தோர் ஆகியோருக்கு மாதாமாதம் வழங்கப்பட்ட பொதுசன உதவிப்பணத்துக்கு எம்மக்கள் வைத்த பெயர் "பிச்சைச் சம்பளம்". அந்தப் பெயர் இன்றும் வாயில் இருக்கின்றது. பெயரே சொல்கிறது, அதை வாங்கியவர்கள் எவ்வளவு கூனிக் குறுகி வாங்கினார்கள் என்பதை.

இன்று நிலைமை வேறு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காகவே இயற்றப்பட்டது. அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அது சொல்கின்றது. அதற்கு முன்னரே, 1988 ஆம் ஆண்டின் அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று அரச துறை வேலைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்கவேண்டும் என்று பணித்தது. 2016 பெப்ரவரியில் அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையைப் பற்றியது. அதற்கு அடுத்த 28 ஆம் உறுப்புரை சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை.

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் வாழும் அங்கவீனமுற்றோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு முன்பு 3,000 ரூபாவாக இருந்தது. பின் 5,000 ஆகவும், அதன் பின் 7,500 ஆகவும் கூடியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவும் அவ்வாறே 7,500 இலிருந்து 10,000 ஆனது. இவை தவிர, 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றது. சயரோகம், தொழுநோய், புற்றுநோய் போன்றவற்றால் வருந்துவோருக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களங்கள் வழங்கும் உதவிகளும் உண்டு.

மூன்று வகைக் காசு

நோயாளி ஒருவரின் கைக்கு வரும் காசை நாம் மூன்றாகப் பிரிக்கலாம். இந்தப் பிரிவை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, இழந்த நாட்கூலிக்குப் பதிலாக வருவது. வேலைத்தலத்தில் காயப்பட்டு வீட்டில் கிடக்கும் நாட்களுக்குத் தரப்படும் காசு இது. "வேலை செய்ய முடியவில்லை" என்பதே இதற்குக் காரணம். எனவே அதே நாளில் இன்னோரிடத்தில் கூலிக்குப் போனால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

இரண்டாவது, உடலில் ஏற்பட்ட இழப்புக்காக வருவது. கை போய்விட்டது, கண் போய்விட்டது. அதற்காக ஒரு தொகை தரப்படுகின்றது. அவர் பின்னர் வேறு வேலை செய்தாலும் போன கை திரும்பி வரப்போவதில்லை. எனவே வேலை செய்தார் என்பதற்காக அத்தொகையைத் திருப்பிக் கேட்க நியாயம் இல்லை.

மூன்றாவது, வறுமையும் நோயும் சேர்ந்திருப்பதால் வருவது. அங்கவீனமுற்றோர் கொடுப்பனவும் சிறுநீரக நோயாளர் கொடுப்பனவும் இதைச் சேர்ந்தவை. இவை இரண்டு கால்களில் நிற்கின்றன: ஒன்று நோய் அல்லது அங்கவீனம், மற்றது குடும்பத்தின் குறைந்த வருமானம். வாரத்தில் இரண்டு நாள் கடையில் பொதி கட்டினால் முதற் கால் ஆடாது. அங்கவீனம் அங்கவீனமாகவே இருக்கும். ஆனால் வருமானம் நன்றாகக் கூடினால் இரண்டாவது கால் ஆடலாம். ஆகவே இங்கே கேள்வி "வேலை செய்தாரா?" என்பதல்ல, "குடும்பத்தின் நிலைமை மாறிவிட்டதா?" என்பதே.

இந்தியாவில் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு, வேலை செய்த நாளுக்கு நோய்க்காலப் பணமோ தற்காலிக அங்கவீனப் பணமோ கிடையாது என்று சொன்னது. நிரந்தர அங்கவீனத்துக்கான பணத்தை அந்தத் தடைக்குள் அது கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளர் பல்லாண்டுகளாக இந்த முறையின் கீழ் இருந்து வந்துள்ளார்கள். இலங்கையிலோ எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான நோய்க்காலக் காப்புறுதி என்று ஒன்று இல்லை. கடை, காரியாலய ஊழியருக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 7 நாள் தற்செயல் லீவு உண்டு. நாட்கூலிக்குப் போகும் எம்மவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

காயப்பட்டவரின் உரிமை

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கமுடையது. பழைய சட்டம்தான், ஆனால் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 2005 இல் உச்ச நட்டஈடு 550,000 ரூபா ஆனது. 2022 இல் அது 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் அப்போது சேர்க்கப்பட்டன.

இச்சட்டத்தில் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு உண்டு. நிரந்தர இழப்புக்கு ஒரே தொகையாகக் கொடுக்கப்படும். முதலாவது வகைக் காசும் இரண்டாவது வகைக் காசும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன என்று சொல்லலாம். அரைமாதக் கொடுப்பனவு எடுக்கும் காலத்தில் உடல் தேறி, கொஞ்சம் இலேசான வேலை செய்ய முடிந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஏனெனில் அந்தக் கொடுப்பனவை மீண்டும் பரிசீலிக்கும்படி இரு தரப்பும் கேட்கலாம். வைத்தியச் சான்று உங்களிடம் இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் இருக்கும். ஒளித்து வேலை செய்து பிடிபட்டால், நியாயமாகக் கிடைக்கவேண்டிய மிச்சமும் கேள்விக்குள்ளாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல் உடைக்கும் இடத்திலோ மர ஆலையிலோ விரல் போனவரின் கையில் சில ஆயிரம் ரூபாவைத் திணித்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் அத்தகைய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்று வாய்மூடி இருந்துவிடவேண்டாம். நாள் கடத்தாமல் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கவேண்டும். விண்ணப்பிப்பதற்குக் கால எல்லை உண்டு என்பதையும் மறக்கவேண்டாம்.

முதலாளி சொல்லும் கதை

நாம் கேட்ட முறைப்பாடுகளில் மிகவும் மனதை வருத்தியது இதுதான். ஒரு காலில் பலமில்லாத ஒருவர். நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையில் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வெங்காயம், கிழங்கு தெரிந்து பொதி செய்கிறார். பல ஆண்டுகளாகச் செய்கிறார். சம்பளப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. ஏன் என்று கேட்டபோது முதலாளி சொன்னாராம்: "உன் பேரைப் பதிந்தால் உதவிப்பணத்தை வெட்டிவிடுவார்கள். உன் நன்மைக்குத்தான் பதியாமல் வைத்திருக்கிறேன்." இவரும் நன்றியோடு தலையாட்டிவிட்டு வந்தாராம்.

இது யாருடைய நன்மைக்கு என்று கணக்குப் பார்ப்போம். தேசிய ஆகக் குறைந்த வேதனம் பற்றிய 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 2025 இல் திருத்தப்பட்டபோது, நாட்கூலியின் ஆகக் குறைந்த அளவு 2025 ஏப்ரல் முதல் 1,080 ரூபா என்றும், 2026 ஜனவரி முதல் 1,200 ரூபா என்றும் வைக்கப்பட்டது. ஒருவர் மாதத்தில் 8 நாள், நாளுக்கு 1,200 ரூபாவுக்கு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 9,600 ரூபா. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி முதலாளி கட்டவேண்டியது நூற்றுக்கு 12 வீதம், அதாவது 1,152 ரூபா. தொழிலாளியின் பங்கு 8 வீதம், 768 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் கட்டவேண்டியது 3 வீதம், 288 ரூபா. பெயர் பதியாததால் முதலாளிக்கு மாதம் 1,440 ரூபா மிச்சம். தொழிலாளியின் பெயரில் சேரவேண்டிய 2,208 ரூபா சேராமல் போகின்றது. ஓராண்டுக்கு இது 26,496 ரூபா. பத்தாண்டுக்கு எவ்வளவு என்பதை, வட்டியை விட்டுவிட்டே பாருங்கள்.

நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான் சேமலாப நிதி என்பது பிழையான நம்பிக்கை. தற்காலிகமாகவோ, அமைய அடிப்படையிலோ, துண்டுக் கணக்கிலோ வேலை செய்பவருக்கும் முதல் நாளிலிருந்தே அது உரியது. உதவிப்பணம் பெறுகிறார் என்பதற்காக இந்த உரிமை போவதில்லை. கட்டாத முதலாளிக்கு எதிராகத் தொழில் திணைக்களத்தின் கண்டிக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம்.

சேமலாப நிதியில் ஏற்கனவே காசு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோய் வந்தவுடன் "நிரந்தரமாக வேலை செய்ய முடியாது" என்று சான்று எடுத்து முழுக் காசையும் வெளியே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உண்மையிலேயே அந்த நிலைமை என்றால் எடுக்கலாம். ஆனால் தேறி மீண்டும் அரை நாளாவது வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அந்தச் சான்றைத் தேடவேண்டாம். 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 10 ஆண்டுகள் பங்களிப்புச் செய்து 300,000 ரூபாவுக்குக் குறையாத மீதி உள்ளவர், வைத்தியச் செலவுக்காக நூற்றுக்கு 30 வீதம் வரை எடுக்கலாம். வேலையை விடவேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

சிறுநீரக நோயாளர்

மகாவலிக் குடியேற்றப் பகுதிகளுக்குப் போன எம் உறவினர்கள் பலரைப் பற்றிக்கொண்டது சிறுநீரக நோய். 1990 களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனத்துக்கு வந்த இந்நோய், கிராந்துருக்கோட்டை, மகியங்கனைப் பக்கத்தையும் விட்டு வைக்கவில்லை. இதன் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுகமாக முடிவு சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைக்கும் நடுத்தர வயது ஆண்கள். மண்ணை இழந்து போனவர்கள், போன இடத்தில் உடல்நலத்தையும் இழந்தார்கள். கண்டி, பேராதனை வைத்தியசாலைகளுக்குச் சிகிச்சைக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கிச் செல்பவர்களை நாம் அறிவோம்.

இவர்களுக்கு வேலை என்பது சட்டக் கேள்வி மட்டுமல்ல, உயிர்க் கேள்வியும் ஆகும். உச்சி வெயிலில் வியர்வை சிந்தி, உடலில் நீர் வற்றும்படி செய்யும் வேலை இவர்களுக்கு ஆகாது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வைத்தியசாலையில் கழிக்கவேண்டும். அடுத்த நாள் உடல் அசந்துபோகும். எனவே எந்த நாளில், எத்தனை மணி நேரம், எந்த வேலை என்பதை கிளினிக்கில் டொக்டரிடமே கேளுங்கள். "நான் வேலை செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஓய்வெடுங்கள்" என்றுதான் பதில் வரும். "நிழலில் உட்கார்ந்து, காலையில் மூன்று மணித்தியாலம், மிளகு தெரியும் வேலை செய்யலாமா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் கிடைக்கும். அந்தப் பதிலை கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படியும் கேளுங்கள். அந்த ஒரு வரி பின்னர் பல இடங்களில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பிற நாடுகளில் எப்படி?

எமது பிள்ளைகளும் உறவினர்களும் வாழும் நாடுகளில் இந்தக் கேள்விக்கு வெளிப்படையான விடை கண்டிருக்கிறார்கள். நோர்வேயில் டொக்டர் ஒருவர் நோயாளிக்கு முழு லீவு மட்டுமல்ல, பகுதி லீவும் எழுதலாம். வேலைத் திறன் நூற்றுக்கு 20 வீதமாவது குறைந்திருந்தால் போதும். மிச்ச வேலையைச் செய்து அதற்குச் சம்பளமும், செய்ய முடியாத பகுதிக்கு நோய்க்காலப் பணமும் பெறலாம். பிரித்தானியாவில் நோயினால் வேலை செய்ய முடியாதவருக்கான உதவித்தொகை பெறுபவர், வாரத்துக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக, குறித்த வருமான எல்லைக்குள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் முதலில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் செய்தால்தான் குற்றம்.

இரண்டு முறைகளிலும் பொதுவாக உள்ளது என்ன? எவ்வளவு வேலை செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததால் நோயாளிக்கும் பயமில்லை, உத்தியோகத்தருக்கும் குழப்பமில்லை. எமது நாட்டில் இப்படி மணிக்கணக்கோடு ஓர் ஏற்பாடு இல்லை. எழுதப்படாத இடத்தில் வதந்தி ஆட்சி செய்கின்றது.

மொட்டைப் பெட்டிசம்

வதந்திக்குக் கைகால் முளைத்தால் அதுதான் மொட்டைப் பெட்டிசம். "இன்னார் நோயாளி என்று காசு எடுத்துக்கொண்டு மார்க்கட்டில் வேலை செய்கிறார்" என்று பெயரில்லாத கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போகின்றது. எழுதியவர் பெரும்பாலும் அயலவர். அவருக்கும் உதவிப்பணம் கிடைக்காத ஆத்திரம். அவருடைய ஆத்திரத்திலும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் வறியவன் வறியவனுக்கு எதிராகப் பெட்டிசம் எழுதுவதால் யாருடைய பானையும் பொங்குவதில்லை. தமக்குக் கிடைக்கவில்லை என்றால் மேன்முறையீடு செய்வதே வழி. அஸ்வெசும தெரிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய இடமுண்டு.

அதே வேளையில் நாமும் நேர்மையாக இருக்கவேண்டும். நோய் முற்றாகக் குணமாகி, முழு நேர வேலையும் கிடைத்து, குடும்பம் நிமிர்ந்த பிறகும் உதவிப்பணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது சரியல்ல. அது இன்னொரு நோயாளியின் சோற்றில் கை வைப்பது. நாம் இங்கே பேசுவது அவர்களைப் பற்றியல்ல. உடல் இடம் கொடுக்கும் அளவுக்கு உழைத்து, உதவிப்பணத்தோடு சேர்த்து ஒருவாறு சீவிப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்களுக்கு வரும் காசு எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அங்கவீனமுற்றோர் கொடுப்பனவா, சிறுநீரக நோயாளர் கொடுப்பனவா, அஸ்வெசுமவா, மாகாண உதவியா, நட்டஈடா? வங்கிப் புத்தகத்தையும் கடிதங்களையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

2. வேலை தொடங்கும்போதே கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். மாதத்தில் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதை மட்டும் எழுதினால் போதும். ஒரு பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். முன்னரே சொன்னவரை ஏமாற்றினார் என்று எவரும் சொல்ல முடியாது.

3. கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகின்றது.

4. காணி பற்றிக் கேட்டால் முழு உண்மையையும் சொல்லுங்கள். அஸ்வெசும தெரிவில் 22 விடயங்கள் பார்க்கப்படுகின்றன. சொத்தும் அவற்றில் சேரும். விட்டுவந்த ஊரில் உறுதி இருக்கின்றது, ஆனால் கமம் செய்ய முடியாது என்றால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் பெற்று இணையுங்கள். "காணி உண்டு" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தினால் நீங்கள் வசதியுள்ளவர் என்றுதான் பதியப்படும்.

5. கொடுப்பனவு நிறுத்தப்பட்டால் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டு திரும்பவேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கின்றது.

6. வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். திகதி, மணி, வாங்கிய கூலி. சேமலாப நிதி முறைப்பாட்டுக்கும் நட்டஈட்டு வழக்குக்கும் அதுவே சாட்சி.

7. பழைய வேலைக்கு உடல் இடம் கொடுக்காவிட்டால் புதிய தொழில் பழகலாம். அங்கவீனமுற்றோருக்காகச் சமூக சேவைத் திணைக்களம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒன்று கண்டிக்கு அருகே வத்தேகமையில் உள்ளது. பிள்ளைகள், இளைஞர்கள் இருந்தால் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரித்துப் பாருங்கள்.

எமது கோரிக்கை

கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் உள்ள உத்தியோகத்தர்கள் நல்லெண்ணத்தோடு வேலை செய்பவர்களாக இருந்தாலும், ஒரு பிரிவில் ஒரு விதமாகவும் இன்னொரு பிரிவில் வேறு விதமாகவும் தீர்ப்புச் சொல்லப்படுவதாக எம்மக்கள் கூறுகிறார்கள். இது உத்தியோகத்தரின் குணத்தைப் பொறுத்த விடயமாக இருக்கக்கூடாது. அங்கவீனமுற்ற ஒருவர், அல்லது நீண்டகால நோயாளி ஒருவர், மாதத்தில் இத்தனை நாள் வரை உழைத்தாலும் கொடுப்பனவு குறையாது என்று ஓர் எல்லையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டவேண்டும். வருமானம் அந்த எல்லையைத் தாண்டினாலும் ஒரே நாளில் முழுக் காசையும் வெட்டாமல், படிப்படியாகக் குறைக்கவேண்டும். நோய் திரும்பினால் மீண்டும் புதிதாக வரிசையில் நிற்காமல் பழைய கொடுப்பனவு தொடரவேண்டும். நோயாளி வேலைக்குப் போகத் தயங்குவதற்கு முதற் காரணம் சோம்பல் அல்ல. "இந்த வேலை இரண்டு மாதத்தில் போய்விட்டால், விட்ட உதவிப்பணம் திரும்பக் கிடைக்குமா?" என்ற பயமே காரணம்.

இதை அரசிடம் கேட்பதற்குத் தனியாள் ஒருவரால் முடியாது. மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கமக்காரர் அமைப்பு, தோட்டத் தொழிற்சங்கம் என்று எமக்குள் எத்தனையோ கூட்டங்கள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு விடயத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். தேநீர் வேளையில் காதோடு கேட்கும் கேள்வியைச் சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் பக்கத்தில் இருக்கும் இன்னும் நால்வரும் "எனக்கும் அதே கேள்விதான்" என்பார்கள். அந்த ஐவரின் பெயரில் ஒரு கடிதம் எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.